ஆறு மாதக் கணக்கு: ஒரு ஜிம், ஒரு சந்தை, ஒரு செக்கு, அப்புறம் பணியாரம்

ஜனவரியில் இரண்டு முடிவு எடுத்தேன். வாரத்தில் ஐந்து நாளாவது உடம்பை அசைக்க வேண்டும், வீட்டில் சமைப்பது முடிந்தவரை காரைக்குடியைச் சுற்றி விளைந்ததாக இருக்க வேண்டும். ஜூன் முடிந்துவிட்டது. காசு கொடுத்த இடங்களைப் பற்றி உள்ளபடி எழுதிவிடுகிறேன், இங்கே இருப்பவர்கள் யாருக்காவது உதவும். எடை 84-ல் தொடங்கி இப்போது 80.5. மே மாதம் 79-ஐத் தொட்டேன், அது ஏன் மறுபடி ஏறியது என்பது கீழே வரும்.

முதலில் ஜிம். பெயர் வேண்டாம். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டினேன், அதுதான் தப்பு. இரண்டு டிரெட்மில்லில் ஒன்று பிப்ரவரியில் நின்றது, இன்றைக்குக் கேட்டாலும் "ஆள் வந்துக்கிட்டு இருக்காருண்ணே" என்கிறார்கள். தகரக் கூரை, சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்கே உள்ளே இட்லிப் பானை மாதிரி இருக்கும். பயிற்சி சொல்லித்தர வேண்டிய தம்பிக்குப் புரோட்டீன் டப்பா விற்பதில்தான் கண். ஐந்துக்கு ஒன்றரை, அந்த அரையும் கண்ணாடி பெரிசாக இருப்பதற்காக.

அதனால் மார்ச்சிலிருந்து காலேஜ் ரோடு பக்கம் நடைதான். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பு அசைய வேண்டும் என்கிறது, ஐந்து நாளும் அரை மணி நடந்தாலே கணக்கு நேராகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை குன்றக்குடி மலைப்படி. ஜனவரியில் ஏறும்போது மூன்று இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிடுவது போல நடித்தேன், போன வாரம் மனைவியோடு பேசிக்கொண்டே ஏறினேன். எடை மெஷினை விட இதைத்தான் நம்புகிறேன். மே மாதம் போவதாக இருந்தால் வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள், வெறுங்காலுக்குக் கல் அடுப்பாகிவிடும்.

சந்தைக்கு நாலரை கொடுப்பேன். ஆனால் உள்ளூர்க் காய் வேண்டும் என்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். பளபளவென்று அடுக்கியிருக்கிற கடையில் பாதிக்கு மேல் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தது. ஓரமாகச் சாக்கு விரித்து நாலு கூறு கத்தரிக்காய், ஒரு கட்டு முருங்கைக்கீரை வைத்திருக்கும் ஆச்சிமார்தான் நம் ஆட்கள். ஒருவரிடம் போய் உள்ளூர் கேரட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். "இந்தச் செம்மண்ணுல கேரட்டு எங்கய்யா விளையுது, கொத்தவரங்காய வாங்கிட்டுப் போ" என்று பையில் அவரே போட்டுவிட்டார். மீன் விஷயத்தில் நமக்கு யோகம்தான்: வெயிலில் கண்மாய் வற்றும்போது விராலும் கெளுத்தியும் வரும், கடல் மீனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தையில் பனங்கிழங்கு, சித்திரை வைகாசியில் நுங்கு. வெண்டைக்காய் மண்டி வாரம் இரண்டு முறையாவது வைக்கிறோம், அரிசி கழுவிய தண்ணீர், புளி, மொச்சை, ஒரு கரண்டி எண்ணெய், அவ்வளவுதான். உணவகங்களில் செட்டிநாடு என்ற பெயரில் எண்ணெய் மிதக்க ஊற்றுகிறார்களே, அவர்கள் இதை ஒருநாள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

உள்ளூர், உள்ளூர் என்று ரொம்பப் பேசவும் முடியவில்லை. நம் மசாலாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அன்னாசிப்பூவும் கல்பாசியும் இந்த மண்ணில் விளைவதில்லை. கவுனி என்கிற கருப்பரிசியே பர்மாவுக்கு வணிகம் செய்யப் போன நகரத்தார் கொண்டுவந்தது என்றுதான் சொல்வார்கள். இப்போது தமிழ்நாட்டிலேயே பயிரிடுகிறார்கள் என்பதால் கவுனிக்கு மட்டும் விலக்கு கொடுத்தேன். ராத்திரியே ஊறப்போட்டு, அந்தக் கருநீலத் தண்ணீரிலேயே குக்கரில் வேகவைத்து, சர்க்கரை தேங்காய் நெய் எதுவும் இல்லாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். அப்பத்தா பார்த்துவிட்டு, "கவுனியை இப்படியும் கெடுக்கலாமா?" என்று எழுந்து போய்விட்டார்.

செக்குக் கடை கடலை எண்ணெய்க்கு நான்கு. ரீஃபைண்டை விட விலை கூடத்தான், ஆனால் தாளிக்கும்போது வருகிற வாசம் தெருமுனை வரை போகும். ஒரே ஒரு தடவை பழைய கடலையை ஆட்டிவிட்டார்கள் போல, காறல் வாடை. கொண்டுபோய்க் காட்டினேன், முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: செக்கில் ஆட்டினாலும் கிராமுக்கு 9 கலோரிதான். நல்ல எண்ணெய்தானே என்று ஏப்ரலில் தாராளமாக ஊற்றினேன், அந்த மாதம் முள் அசையவே இல்லை.

இப்போது அந்த ஒன்றரைக் கிலோ. அடுத்த தெருவில் ஓர் ஆச்சி வெள்ளைப் பணியாரம் சுட்டுக் கொடுக்கிறார். பச்சரிசியை ஆழாக்கு நிறைய அளந்து, அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, சரிந்து விழுகிற வரை வைத்தால் அதுதான் அளவு. வெண்ணெயாக ஆட்டி, ஒரு கரண்டி எடுத்துக் காயும் எண்ணெயில் நடுவில் ஊற்றினால் ஓரம் மட்டும் லேசாகச் சுருங்கி, நிறம் மாறாமல் உப்பி வரும். கூடவே வரமிளகாய்த் துவையல். அரிசி புதுவயல் மில்லிலிருந்து, எண்ணெய் அதே செக்கிலிருந்து, சுடுவது அடுத்த தெரு, இதை விட உள்ளூர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று நியாயம் சொல்லிக்கொண்டு மூன்று வாரம் தினமும் சாயங்காலம் ஆறு பணியாரம் சாப்பிட்டேன். ஒரு முடிவை ஒழுங்காகக் காப்பாற்றியதால் இன்னொன்றின் பலன் காலியானது. ஆச்சிக்கு ஐந்துக்கு ஐந்து, எனக்கு இரண்டு.

இனி பணியாரம் ஞாயிற்றுக்கிழமை மலை இறங்கிய பிறகு மட்டும், அதுவும் இரண்டு. இந்த வாரம் வரைக்கும் சரியாகப் போகிறது. ஆடிக் கும்மாயத்துக்கு, அதாவது ஆடியில் கிண்டும் உளுந்து இனிப்புக்கு, எவ்வளவு வேண்டும் என்று ஆச்சி நேற்றுக் கேட்டார். கால் கிலோ போதும் என்றேன். "உங்க வீட்டுல நாலு பேருல்ல?" என்று சொல்லி அரைக் கிலோ எழுதிக்கொண்டார், நானும் மறுத்துப் பேசவில்லை.