பெங்களூரு சர்க்காரு பிரசவ ஆஸ்பத்திரி: ஆறு நாள் துணைக்கு இருந்தவ எழுதற ரிவ்யூ

தம்பி பொண்டாட்டி பிரசவத்துக்குத் துணையா ஆறு நாள் ஆஸ்பத்திரில நான்தான் இருந்தேன். ஸ்ரீராமபுரத்துலருந்து ஆட்டோல போற தூரத்துல இருக்கற பெரிய சர்க்காரு ஆஸ்பத்திரி, பேரு போடப் போறதில்ல, ஏன்னா நல்லதும் எழுதப் போறேன் கெட்டதும் எழுதப் போறேன், கெட்டதுக்கு கடைசில மாட்டப் போறது அங்க கூட்டற ஆயாம்மாவாத்தான் இருக்கும். நம்ம ஏரியா தமிழ் ஜனங்க "அங்க போலாமா, நல்லா பாப்பாங்களா, நெஜமாவே காசு வாங்க மாட்டாங்களா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதுக்குத்தான் இது. நான் கார்மெண்ட்ஸ் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறவ, செலவு பண்ண ஒவ்வொரு ரூபாயும் அன்னன்னிக்கே குறிச்சு வெச்சேன்.

மொதல்ல வைத்தியம். ராத்திரி ரெண்டு மணிக்கு பனிக்குடம் ஒடஞ்சுடுச்சு, எட்டு மாசம் முடிஞ்சு நாலு நாள்தான் ஆகுது, பக்கத்துல இருக்கற சின்ன மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அங்க ராத்திரில மயக்க மருந்து குடுக்கற டாக்டர் கெடையாது, புள்ள வேற சின்னதா தெரியுது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்கன்னு அவங்களே 108க்கு போன் பண்ணாங்க. வண்டி வர நாப்பது நிமிஷம். அந்த நாப்பது நிமிஷம் எனக்கு இன்னும் கனவுல வருது. ஆனா வண்டில இருந்த பையன் ஒரு பைசா கேக்கல, வழி பூரா அவ பக்கத்துலயே உக்காந்து "மெதுவா மூச்சு விடுங்க அக்கா"ன்னு பாதி கன்னடம் பாதி தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தான், அவன் நல்லா இருக்கணும்.

அஞ்சரை மணிக்கு சுகப்பிரசவம், பையன், 1 கிலோ 900 கிராம். பொறந்த உடனே கொண்டு போய் பச்சக் குழந்தைங்க வார்டுல வெச்சாங்க. மறுநாள் மஞ்சக்காமால ஏறிடுச்சு, நீல லைட்டுக்கு அடில நாலு நாள். அந்த வார்டுக்கு அஞ்சு ஸ்டார் இல்ல, அம்பது குடுப்பேன். அங்க ஒரு கேரள சிஸ்டர், ஒருத்தரே அத்தன புள்ளைங்களையும் பாக்கறாங்க, அப்படியும் இவளுக்கு ஒக்கார வெச்சு சொல்லிக் குடுத்தாங்க, புள்ளைய துணி இல்லாம மாரோட மாரா நிமித்தி வெச்சு மேல துப்பட்டாவ இறுக்கிக் கட்டிக்க, உன் சூடுதான் இவனுக்கு மருந்துன்னு. கங்காரு முறைன்னு பேராம். அப்புறமா தேடிப் படிச்சேன், 1970கள் கடைசில கொலம்பியா நாட்டு போகோட்டா நகரத்து ஆஸ்பத்திரில இன்குபேட்டர் பத்தாம ஒரே பொட்டில ரெண்டு மூணு குழந்தைய வெக்க வேண்டிய நெலமைல ஆரம்பிச்ச வழக்கம் அது, இப்ப உலக சுகாதார நிறுவனமே எட குறைஞ்ச எல்லா குழந்தைக்கும் இதச் செய்யச் சொல்லுது. பைசா செலவில்லாத வைத்தியம், சொல்லிக் குடுக்க ஒரு நர்ஸ் இருந்தா போதும். இருக்கணும், அதான் விஷயம்.

இதே நாலு நாள் பிரைவேட்ல இருந்திருந்தா? பிரசவத்துக்கு முந்தின மாசம் ஒரு எடத்துல விசாரிச்சோம், நார்மலுக்கு 85,000, ஆபரேஷன்னா 1,40,000, குழந்தைய ஐசியூல வெச்சா நாளைக்கு 12,000, அட்வான்ஸ் கட்டினாதான் அட்மிஷனே. அப்படிப் பாத்தா எங்களுக்கு 1,33,000 ஆயிருக்கும். என் தம்பி பெயிண்டர், வேல இருந்தா நாளைக்கு 900, அவனோட 148 நாள் கூலி அது. கட்ட முடியலன்னா டிஸ்சார்ஜ் குடுக்காம இழுத்தடிக்கறத நம்மள்ள எத்தன பேரு பாத்திருக்கோம். கென்யால பில் கட்ட முடியாத தாய்மார்கள வார்டுலயே அடச்சு வெச்சது கோர்ட்டு வரைக்கும் போச்சு, அப்படி வெக்கறது சட்டத்துக்கு விரோதம்னு 2015ல அந்த நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. புள்ள பெத்தவள கடனுக்குப் பிடிச்சு வெக்கக் கூடாதுன்னு சொல்ல ஒரு கோர்ட்டு வேண்டியிருக்கு.

பிரசவ ரூம் பத்தி மனசுக்குக் கஷ்டமான ஒண்ணு சொல்லணும். உள்ள என்னைய விடல, தம்பி பொண்டாட்டி சொன்னதுதான். பக்கத்துக் கட்டில்ல இருந்த சின்னப் பொண்ணு வலில கத்தினதுக்கு ஒரு சிஸ்டர் தொடைல அடிச்சு "சும்னிரு"ன்னு அதட்டினாங்களாம். எவ்ளோ வேலப் பளு இருந்தாலும் அந்த நேரத்துல ஒரு பொண்ணு மேல கை வெக்கறது தப்பு. காசு குடுத்து வர்றவங்கள யாரும் இப்படி அடிக்க மாட்டாங்க, அது அந்த சிஸ்டருக்கும் தெரியும்.

இப்ப கணக்கு. வாசல்லயே பெரிய போர்டு இருக்கு, கன்னடத்துல எல்லாம் "உச்சித"ன்னு, அதாவது இலவசம்னு. 2011ல மத்திய அரசு கொண்டு வந்த ஜேஎஸ்எஸ்கே (ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம்) திட்டம் அது, பிரசவம், ஆபரேஷன், மருந்து, டெஸ்ட், ரத்தம், சுகப்பிரசவம்னா மூணு நாளும் ஆபரேஷன்னா ஏழு நாளும் சாப்பாடு, வீட்லருந்து கூட்டிட்டு வர்றது, திரும்பக் கொண்டு விடறது, ஒடம்பு சரியில்லாத குழந்தைக்கு வைத்தியம், அத்தனையும் இலவசம். மருந்துக்கு ஒரு ரூபா வாங்கல, படுக்கைக்கு வாங்கல, சாப்பாடு பால் பிரெட் முட்டைன்னு ஒழுங்கா வந்துச்சு. அப்படியும் எங்க கைலருந்து போனது இது: மொத ராத்திரி ஆட்டோ 280, ஆஸ்பத்திரி ஸ்கேன் மத்தியானத்தோட மூடிடுவாங்கன்னு வெளில எடுத்த ஸ்கேன் 1,100, வெளில குடுத்த ரத்த டெஸ்ட் 650, பஞ்சு நாப்கின் பிளாஸ்டிக் ஷீட்டு 340, ஸ்ட்ரெச்சர் தள்ளினவருக்கு 200, ஆயாம்மாவுக்கு 500, வாட்ச்மேனுக்கு நாலு தடவ அம்பது அம்பதா 200, கூட்டறவங்களுக்கு 100, வீட்டுக்குக் கொண்டு விடற வண்டி "இன்னிக்கு இல்ல"ன்னதால திரும்ப ஆட்டோ 350. மொத்தம் 3,720. இது ஏதோ எங்க தலையெழுத்துன்னு நெனைக்காதீங்க, 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல நாடு முழுக்க அரசு ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கு ஜனங்க சொந்தக் காசுல பண்ண செலவு சராசரியா 2,916 ரூபா. தம்பி அஞ்சு நாள் வேலைக்குப் போகல, 4,500 போச்சு, இருக்கறதுலயே பெரிய தொக அதுதான், அது எந்த பில்லுலயும் வராது.

அந்த 500 எப்படின்னா, ஆயாம்மா புள்ளையத் தொடச்சு துணில சுத்தி எடுத்துட்டு வந்தாங்க, கைல குடுக்காம "கண்டு மகு அம்மா, ஐநூறு கொடி"ன்னாங்க, ஆம்பளப் புள்ளம்மா, ஐநூறு குடுங்கன்னு. பொட்டப் புள்ளைன்னா முந்நூறாம். எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது, ஆனா புள்ள அவங்க கைல இருக்கு, குடுத்தேன். மூணாவது நாள் ராத்திரி வராண்டால அதே ஆயாம்மா என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க, பூர்வீகம் சேலம் பக்கம், பொறந்தது இங்க பெங்களூரு காட்டன்பேட்டைலயாம், தமிழ்ல பேச ஆரம்பிச்சுட்டாங்க. காண்ட்ராக்ட் வேல. மூணு மாசமா சம்பளம் வரல. வாடகை பாக்கி. "ஒங்ககிட்ட வாங்கறது பாவம்னு எனக்குத் தெரியும் தாயி, எம்புள்ளைங்களுக்கு யாரு போடுவாங்க"ன்னாங்க. என்னால பதில் பேச முடியல. அந்த மூணு மாச சம்பளத்த யாரோ ஒரு காண்ட்ராக்டரோ ஆபீஸோ நிறுத்தி வெச்சிருக்காங்க, அத பிரசவத்துக்கு வர்ற ஏழைங்ககிட்ட ஐநூறு முந்நூறுன்னு பிரிச்சு வசூல் பண்ற வேலைய இவங்க தலைல கட்டிட்டாங்க. கணக்கு எழுதறவளுக்கு இது நல்லாவே புரியும், ஒரு செலவ பட்ஜெட்லருந்து எடுத்துட்டா அது காணாமப் போகாது, வேற ஒருத்தர் பைக்குள்ள கைய விடும்.

வீட்டுக்கு வந்தப்புறம் இதப் பத்தியே படிச்சுக்கிட்டு இருந்தேன். ஆப்பிரிக்கால சியரா லியோன்னு ஒரு சின்ன நாடு, பிரசவத்துல தாய்மார்கள் சாகறது உலகத்துலயே ரொம்ப அதிகமா இருந்த எடங்கள்ல ஒண்ணு. 2010 ஏப்ரல்ல கர்ப்பிணிங்களுக்கும், பால் குடுக்கற தாய்மார்களுக்கும், அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்களுக்கும் ஆஸ்பத்திரி கட்டணத்த எடுத்தாங்க. அதுக்கு முன்னாடியே சம்பளப் பட்டியல்ல இருந்த பொய்ப் பேருங்கள நீக்கி, நர்ஸ் டாக்டர் எல்லாருக்கும் சம்பளத்த நல்லா ஏத்தினாங்க, பிரிட்டன் அரசும், குளோபல் ஃபண்டுன்னு ஒரு சர்வதேச சுகாதார நிதி அமைப்பும் அதுக்குப் பணம் குடுத்துச்சு. மருந்து பல தடவ தீந்து போச்சு, கை நீட்டறதும் முழுசா நிக்கல, ஆனாலும் ஜனங்க ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பிச்சாங்க. அதே ஆப்பிரிக்கால இருக்கற புருண்டி நாட்டுல 2006ல திடீர்னு பிரசவம் இலவசம்னு அறிவிச்சாங்க, ஆஸ்பத்திரிங்களுக்கு அந்தப் பணத்த யாரு திருப்பிக் குடுப்பாங்கன்னு முன்னாடியே சரியா ஏற்பாடு பண்ணல, கூட்டத்த சமாளிக்க முடியாம திணறிட்டாங்க. போர்டு எழுதறது சுலபம். 2023ல மட்டும் உலகத்துல சுமார் 2,60,000 பொண்ணுங்க கர்ப்பத்துலயும் பிரசவத்துலயும் செத்திருக்காங்க, அதுல பத்துக்கு ஏழு பேரு சகாராவுக்குத் தெக்க இருக்கற ஆப்பிரிக்கால. நம்ம பக்கத்துல இலங்கை பணக்கார நாடு இல்ல, ஆனா ரொம்ப வருஷமா வைத்தியம் இலவசம், கிராமம் கிராமமா மருத்துவச்சிங்கள சம்பளம் குடுத்து வெச்சிருக்காங்க, அதனாலதான் அங்க இந்தச் சாவு நம்ம நாட்டவிட ரொம்பக் கம்மி.

தமிழ்க் குடும்பங்க முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது தாயி கார்டு, கர்ப்பிணின்னு பதிவு பண்றவங்களுக்கு கர்நாடகால குடுக்கற தாய்-சேய் அட்டை. மாசமா இருக்கும்போதே அங்கன்வாடிலயோ பக்கத்து ஹெல்த் சென்டர்லயோ ஆஷா அக்காகிட்ட சொல்லி வாங்கிடுங்க. 2022 நவம்பர்ல துமகூருல ஒரு தமிழ்ப் பொண்ணு, தாயி கார்டும் ஆதாரும் இல்லன்னு அரசு ஆஸ்பத்திரில சேக்காம திருப்பி அனுப்பினாங்க, வீட்ல பிரசவமாகி அவளும் ரெட்டைப் புள்ளைங்களும் செத்துட்டாங்க. பேப்பர்ல படிச்ச அன்னிக்கு ராத்திரி எங்க தெருவுல யாருக்கும் தூக்கம் இல்ல. வலியோட வர்றவள கார்டு இல்லன்னு அனுப்பக் கூடாது, அப்படிச் சொன்னா அங்கயே நின்னு சத்தம் போடுங்க, டூட்டி டாக்டரக் கூப்பிடச் சொல்லுங்க.

இன்னொன்னு பணம். மூத்த பொண்ணு பொறந்தப்ப இவ திருவண்ணாமலைல அம்மா வீட்டுக்குப் போனா, தமிழ்நாடு அரசோட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல ஊட்டச்சத்து கிட்டோட சேத்து 18,000 வந்துச்சு. இந்தத் தடவ பிரஷர் ஏறினதால பஸ்ல போகக் கூடாதுன்னுட்டாங்க, பெங்களூருலயே நின்னுட்டா, அந்தப் பணம் போச்சு. இங்க ஏழைக் குடும்பத்துக்குக் குடுக்கற 600 ரூபாய்க்கு கர்நாடகா ரேஷன் கார்டு கேட்டாங்க, எங்களுது ஊர்ல இருக்கு. மத்திய அரசோட மாத்ரு வந்தனா உதவித் திட்டத்துல மொதக் குழந்தைக்கு 5,000, ரெண்டாவது பொண்ணா இருந்தாதான் 6,000, இவன் பையன், ஒண்ணும் கெடையாது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல கர்ப்பிணிங்களுக்கு 6,000க்குக் கொறையாமன்னு எழுதியிருக்கு. தமிழ்நாட்டு எல்லைல இருக்கற அத்திப்பள்ளி செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் பெத்தா ஒரு வெல, இந்தப் பக்கம் பெத்தா ஒரு வெலயா?

எனக்குக் குழந்தை பொறந்தப்ப நான் ஈஎஸ்ஐல, அதாவது கம்பெனி வேலைக்காரங்களுக்கான அரசு காப்பீட்டுல இருந்தேன். இப்பக் கணக்குக்கு சம்பளத்துல நூத்துக்கு முக்கா ரூபா என் கைலருந்து, மூணேகால் ரூபா கம்பெனிலருந்து போகுது, அதுக்கு 26 வாரம் முழுச் சம்பளம், வைத்தியம், யாரும் வாசல்ல அட்வான்ஸ் கேக்கல. தம்பி பொண்டாட்டி வீட்ல உக்காந்து ஊதுபத்தி உருட்டறா, ஆயிரம் குச்சிக்கு இவ்ளோன்னு கூலி, எட்டாம் மாசம் வரைக்கும் உருட்டினா. அவளுக்கு மொதலாளின்னு பேர் சொல்ல யாரும் கெடையாது, லீவும் கெடையாது. வேலல நான் அவளவிட எதுல ஒசத்தின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

ஸ்டார் கேட்டீங்கன்னா வைத்தியத்துக்கு அஞ்சு, குழந்தைங்க வார்டுக்கு அதுக்கும் மேல, பிரசவ ரூம்ல நடத்தற விதத்துக்கு ரெண்டு, "உச்சித" போர்டுக்கு மூணு. தாராளமா போலாம். போறவங்க ஆதார், தாயி கார்டு ரெண்டுத்துக்கும் அஞ்சு ஜெராக்ஸ், பிளாஸ்க், பழைய காட்டன் புடவை நாலு, போர்வை எடுத்துட்டுப் போங்க, துணைக்குப் போறவங்களுக்குப் படுக்க எடம் கெடையாது, வராண்டாதான். டிஸ்சார்ஜ்க்கு முந்தின நாளே வண்டிக்கு எழுதிக் குடுத்துடுங்க, நாங்க குடுக்கல.

போன வாரம் சூப்பரிண்டெண்டுக்கு லெட்டர் எழுதினேன், 3,720க்கும் தேதி போட்டு, அடிச்சதையும் எழுதி. ஆயாம்மா பேர எழுதல, மூணு மாசமா சம்பளம் வரலங்கறத மட்டும் மேலயே எழுதினேன். சீல் போட்டு காப்பி குடுத்திருக்காங்க, பதில் வந்தா இங்கயே போடறேன். குட்டிப்பையன் 2 கிலோ 700 ஆயிட்டான், வர்ற வியாழக்கெழம ஊசி போடக் கூட்டிட்டுப் போகணும், அந்த கேரள சிஸ்டர் டூட்டில இருந்தா அவங்ககிட்ட காட்டிட்டு வரணும்.