சோலார் பேனலுக்கு ‘நானோ கோட்டிங்’ அடிக்கிறோம் என்று யாராவது வந்தால் மாடி ஏற விடாதீர்கள்

38,500 ரூபாய் போய்விட்டது. நேற்று மாலை, என் பேனல்களுக்குக் கோட்டிங் அடித்த கடைக்காரர் என் எண்ணை பிளாக் செய்த பிறகுதான் பணம் இனி வராது என்று உறைத்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வேறு யாரும் ஏமாறக் கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

எங்கள் வீடு மதுரையில். மாடியில் 3 கிலோவாட், ஆறு பேனல். நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரும். கண்ணாடி மேல் ஒரு திரவம் அடித்தால் 35 சதவீதம் கூடும், 16 யூனிட் வரும் என்று சோலார் சர்வீஸ் செய்யும் ஒரு கடை விளம்பரம் போட்டிருந்தது.

மார்ச் முதல் வாரம், காலை ஒன்பதரைக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். பேனலிலிருந்து வரும் ஒயரில், கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினார்கள். 7 ஆம்பியர். “அண்ணே, நீங்களே பிடிச்சுப் பாருங்க” என்று மீட்டரை என் கையில் கொடுத்தார்கள். நான் நம்பியது அந்த நொடியில்தான். கழுவினார்கள், துடைத்தார்கள், ஸ்பிரே அடித்தார்கள், காயவிட்டார்கள். அம்மா மோர் கொடுத்தார். பன்னிரண்டேகாலுக்கு மறுபடி மீட்டரைக் கொடுத்தார்கள். 12 ஆம்பியர்! என் கையால் பிடித்துப் பார்த்த கணக்காயிற்றே, அங்கேயே 38,500 ரூபாயையும் அனுப்பிவிட்டேன்.

ஒன்பதரை மணிச் சூரியன் வேறு, உச்சிச் சூரியன் வேறு. எதையும் அடிக்காவிட்டாலும் அந்த 12 ஆம்பியர் வந்திருக்கும். அன்றைய மொத்தத்தை இன்வெர்ட்டர் ஆப்பில் பார்த்தேன், அதே 12 யூனிட். அடுத்த வாரமும் அதுதான்.

போன் செய்தால், “கோட்டிங் செட் ஆக 25 நாள் ஆகும் சார்.” சரி, பொறுத்தேன். 25 நாள் கழித்து, “ஆப் தப்பா காட்டும்.” ஏப்ரலில் 11 யூனிட்டாக இறங்கியது. “டெக்னிக்கல் டீம் வரும்” என்றார்கள். ஒருவரும் வரவில்லை. கடைசியில், “பில்லைப் பாருங்க சார்.” எடுத்துப் பார்த்தால் அதில் கோட்டிங் என்ற சொல்லே இல்லை. ‘பேனல் கிளீனிங்’ என்று எழுதியிருக்கிறது, 38,500 ரூபாய்க்கு!

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். பேனலில் இருக்கும் ஒவ்வொரு சோலார் செல்லுக்குள்ளும் பாஸ்பரஸ் கலந்த சிலிக்கானும் போரான் கலந்த சிலிக்கானும் சந்திக்கும் இடத்தில் ஒரு மின்புலம் இருக்கிறது. ஒளி பட்டு விடுபடும் எலக்ட்ரானை அது ஒரே பக்கமாகத் தள்ளுகிறது, அதுதான் கரண்ட். ஆற்றல் குறைந்த ஒளியால் எலக்ட்ரானை விடுவிக்க முடியாது. ஆற்றல் மிகுந்த ஒளியில் மிச்சமெல்லாம் சூடாகப் போகிறது. அதனால் ஒளியை மின்சாரமாக மாற்றுவதில் சாதாரண சிலிக்கான் செல்லுக்கு உச்சவரம்பே சுமார் 29 சதவீதம்தான். வீட்டு மாடிகளில் இருக்கும் பேனல்கள் 20, 22 சதவீதத்தில் ஓடுகின்றன. பெரும் இழப்பு செல்லுக்குள் நடக்கிறது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி நூற்றுக்கு நான்கு பங்கு, அதைக் குறைக்கும் பூச்சையும் பல பேனல்களில் கம்பெனியே பூசி அனுப்புகிறது. மேலே எதை அடித்தாலும் 35 எங்கிருந்து வரும்?

சூடு ஏற ஏறக் கரண்டும் ஏறும் என்றும் அந்தப் பையன்கள் சொன்னார்கள். பேனலுக்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல. செல்லின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் விளைச்சல் சுமார் 0.35 சதவீதம் குறையும். நம் ஊர் கோடையில் செல் 65 டிகிரிக்குப் போனால் 14 சதவீதம் போச்சு. அதனால்தான் பேனலுக்கு அடியில் காற்றோட்டம் விடச் சொல்கிறார்கள்.

அவசரமாகச் சில விஷயங்கள். ஆம்பியரைக் காட்டினால் நம்பாதீர்கள், நாள் முழுவதும் வந்த யூனிட்டைக் கேளுங்கள். பணம் கொடுக்குமுன் பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பேனல் கம்பெனியிடம் கேட்காமல் கண்ணாடி மேல் எதையும் பூச விடாதீர்கள், வாரண்டிக்குச் சிக்கல் வரலாம். தண்ணீர் டேங்க் நிழல் விழுகிறதா பாருங்கள், வரிசையில் ஒரு செல் மறைந்தாலும் விளைச்சல் இறங்கும். காலையில் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். நான்கு பேனல்களில் வெள்ளையாக ஒரு படலம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் தூசி வேறு பிடிக்கிறது, தேய்த்தும் போகவில்லை. கண்ணாடி கீறாமல் அதை எடுக்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.