வண்ணார்பேட்டையில் 18,000 ரூபாய் கட்டித் தப்பு ஆங்கிலம் படித்தேன்: ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிற நர்ஸ்கள் கவனிக்கவும்

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருஷமாக நர்ஸ். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5 வேண்டும். எனக்கு எழுதுவதில் 5.5 தான் வந்தது. அந்த நேரம் பார்த்து 'அட்வான்ஸ்டு கிராமர், 500 ஃப்ரேசல் வெர்ப், 7 பேண்ட் உறுதி' என்று ஒரு ஆங்கிலப் பயிற்சி நிலையத்தின் போர்டு நெல்லை வண்ணார்பேட்டையில் கண்ணில் பட்டது. ஃப்ரேசல் வெர்ப் என்றால் வினைச்சொல்லோடு ஒரு சின்னச் சொல் சேர்ந்து தனி அர்த்தம் தருவது, பேண்ட் என்றால் அந்தத் தேர்வின் மதிப்பெண். போன ஆடி மாசம் சேர்ந்தேன்.

தவணையாகக் கட்டுகிறேன் என்றேன். "இன்னைக்கே முழுசாக் கட்டுனா நாலாயிரம் கம்மி, 18,000 தாங்க்கா. நாளைக்கு இந்த ரேட் கிடையாது" என்றார் அங்கே இருந்தவர். நகையை அடகு வைத்துக் கட்டினேன். ரசீது கேட்டால், "பில் புக் தீந்து போச்சுக்கா, அடுத்த வாரம் வாங்கிக்கிடுங்க." அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஜிபேயில் அனுப்பியதால் அந்த ஆதாரமாவது மிஞ்சியது.

டெமோ வகுப்பு எடுத்தவர் அருமையாகச் சொல்லிக்கொடுத்தார். அதற்கப்புறம் அவரைப் பார்க்கவே முடியவில்லை. வகுப்புக்கு வந்தது காலேஜில் கடைசி வருஷம் படிக்கிற ஒரு தம்பி. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் கொடுத்த ஜெராக்ஸ் நோட்ஸை வாசித்தான், அவ்வளவுதான்.

என் வயிற்றெரிச்சல் அந்த நோட்ஸ் மேல்தான். 'கம் ரவுண்ட்' என்பதற்கு எதிரே 'சுற்றி வா' என்று போட்டிருந்தது. மயக்கம் தெளிந்து நினைவு திரும்புவதைத்தான் வார்டில் அப்படிச் சொல்வார்கள். 'கம் டவுன் வித்' என்றால் 'கீழே வா'வாம். காய்ச்சல், சளி என்று நோய் வந்து படுப்பதற்கான சொல் அது. 'பாஸ் அவுட்' என்பதற்குத் 'தேர்ச்சி பெறு' என்று ஒரே ஒரு அர்த்தம். அதைத்தான் மனப்பாடம் செய்தேன். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் வேலை பார்க்கிற என் தோழியிடம் போனில் ஒப்பித்தபோது பதறிவிட்டாள். "ஏளா, பேஷண்ட் பாஸ் அவுட் ஆயிட்டார்னு இங்க சொன்னா மயங்கி விழுந்துட்டார்னு அர்த்தம். நீ பாஸாயிட்டார்னு நெனச்சு நின்னுட்டிருப்பியா?" அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இலக்கணமும் அப்படித்தான். 'ஸ்விட்ச் இட் ஆஃப்' என்பதுதான் சரி, 'ஸ்விட்ச் ஆஃப் இட்' தப்பு. ஆனால் 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்பதில் 'ஹிம்' நடுவே போகாது. ஏன் என்று கேட்டேன். "எங்க வச்சாலும் ஒண்ணுதாங்க்கா" என்று பதில் வந்தது. ஜெரண்ட், பார்ட்டிசிப்பிள் என்ற இலக்கணப் பெயர்களுக்கே ஆறு வகுப்பு போனது. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்பதற்குப் பின்னால் 'மீட்' வராது, 'மீட்டிங்' என்ற ஜெரண்ட்தான் (பெயர்ச்சொல் மாதிரி நிற்கிற 'இங்' வடிவம்) வரும், ஏனென்றால் அந்த 'டு' ஒரு ப்ரெபொசிஷன், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற சொல். ஜெரண்ட் என்ற பெயர் உதவுவதே இப்படிப்பட்ட இடத்தில்தான். அதைச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை. இங்கிலாந்தில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு நான் அனுப்பிய மெயிலின் கடைசி வரியிலேயே அந்தத் தப்பு போய்விட்டது.

மூன்று மாதத்தில் 36 வகுப்பு என்றார்கள், நடந்தது 14. இரண்டாவது தடவையும் எழுதுவதில் அதே 5.5. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

'7 பேண்ட் உறுதி' என்று எந்தப் பயிற்சி நிலையமும் சொல்ல முடியாது. இந்தியாவில் தேர்வை நடத்துவது ஐடிபி என்ற நிறுவனம், மதிப்பெண்ணில் பயிற்சி நிலையத்துக்கு ஒரு பங்கும் கிடையாது. டெமோவோடு நிற்காமல், தினமும் பாடம் எடுக்கப் போகிறவரின் வகுப்பில் ஒரு நாள் உட்காருங்கள். மேலே சொன்ன 'ஸ்விட்ச் ஆஃப்' கேள்வியைக் கேளுங்கள். காரணத்தோடு பதில் வந்தால் முதல் மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ரசீது கைக்கு வந்த பிறகு பணம் போகட்டும்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் வரை கட்டிய பணத்துக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். என் பேட்ச்சில் இருந்தவர்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த ஜெராக்ஸ் நோட்ஸையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு செய்தி போடுங்கள், சேர்ந்தே போவோம்.