ஓராள் த்ரில்லர்: இன்னொருவரை எங்கே வைப்பது?

த்ரில்லருக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். துரத்துகிறவர் ஒருவர், ஓடுகிறவர் ஒருவர். மேடையில் ஒரே நடிகர்தான் என்று முடிவு செய்துவிட்டால் அந்த இன்னொருவரை எங்கே கொண்டுபோய் வைப்பது? இந்தச் சிக்கலுக்கு மூன்று நாடகங்கள் மூன்று விதமாக வழி கண்டிருக்கின்றன. அவற்றோடு வைத்துப் பார்க்க நாலாவதாக ஒன்றும் உண்டு. அது இரண்டு பேரை வைத்துக்கொண்டு லண்டனில் 33 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது.

ஒரே ஆள் பல குரலில் கதை சொல்வது நமக்குப் பழக்கமானதுதான். கதாகாலட்சேபத்தில் ராமனும் அனுமனும் ராவணனும் ஒருவர் வாயிலிருந்தே வருவார்கள். ஆனால் அங்கே முடிவு எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் ரசிக்கிறோம். த்ரில்லரில் முடிவு தெரியக் கூடாது. ஓராள் நாடகத்திலோ, கதையை அனுபவித்தவரே கண்முன் நின்று பேசுகிறார். அப்படியென்றால் பிழைத்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? முதல் வரியிலேயே பாதிப் பதற்றம் போய்விடுகிறது.

இதை நேராக எதிர்கொண்ட நாடகம் 'பிரைமா ஃபேஸி'. எழுதிய சூசி மில்லர் வழக்கறிஞராக இருந்தவர். 2019-ல் சிட்னியில் அரங்கேறியது. 2022-ல் லண்டனில் ஜோடி கோமர் நடித்த பிறகு உலகமே பேசியது. டெஸ்ஸா என்ற வழக்கறிஞர், பாலியல் குற்றம் சாட்டப்பட்ட ஆண்களுக்காக வாதாடி ஜெயிப்பவர். குறுக்கு விசாரணையில் சாட்சியை எப்படிப் பேசவிட்டு, எந்த இடத்தில் மடக்குவது என்று முதல் பகுதியில் நமக்கே உற்சாகமாகச் செய்து காட்டுகிறார். நாமும் அந்தச் சாமர்த்தியத்தை ரசிக்கிறோம். அப்புறம் உடன் வேலை செய்யும் ஒருவனே அவரை வன்புணர்வு செய்கிறான். 782 நாட்கள் கழித்து அதே மாதிரி ஒரு நீதிமன்றத்தில், இந்தத் தடவை சாட்சிக் கூண்டில் நிற்கிறார்.

இங்கே அவர் பிழைப்பாரா என்ற கேள்வியே இல்லை. நம்புவார்களா என்பதுதான் கேள்வி. அவரை வீழ்த்தப் போகும் ஆயுதம் எப்படி வேலை செய்யும் என்று அவரே முன்கூட்டி நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். அடுத்த கேள்வி எங்கிருந்து வரும் என்று நமக்கும் தெரியும், தடுக்கத்தான் முடியாது. துரத்துகிறவரும் ஓடுகிறவரும் ஒரே உடம்பில் இருப்பதால், இந்தக் கதைக்கு ஒரே நடிகர் என்பது சிக்கனம் கிடையாது, தேவை. எதிரே இன்னொரு நடிகர் குற்றவாளியாக வந்து நின்றிருந்தால் அவர் முகத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, நாமும் ஜூரிபோல் எடைபோட ஆரம்பித்திருப்போம். குறையும் உண்டு. கடைசிப் பகுதியில் டெஸ்ஸா சட்டத்தைப் பற்றி நேரடியாகப் பேசத் தொடங்கும்போது த்ரில்லரின் பிடி தளர்கிறது. சொல்ல வேண்டிய விஷயம் அவ்வளவு முக்கியம் என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை.

ஆஸ்கர் வைல்டின் டோரியன் கிரே கதையை கிப் வில்லியம்ஸ் 2020-ல் சிட்னியில் மேடையேற்றியபோது வேறு வழியில் போனார். எரின் ஜீன் நோர்வில் 26 பாத்திரங்களை ஒருவராகவே நடித்தார். பிறகு லண்டனிலும் நியூயார்க்கின் பிராட்வே அரங்கிலும் சாரா ஸ்னூக் நடித்தார், 2025-ல் நாடகத்துக்கான டோனி விருதும் வாங்கினார். மேடையில் திரைகள், கேமராக்கள். நடிகை நேரில் பேசுவார், முன்பே படமாக்கிய அவரே வேறு வேடத்தில் திரையிலிருந்து பதில் சொல்வார். பதிவான உருவம் காத்திருக்காது. ஒரு நொடி பிசகினால் உரையாடல் உடைந்துவிடும். பார்ப்பவரைச் சீட்டு நுனியில் உட்காரவைப்பது இந்த அபாயம்தான்.

இதில்தான் எனக்குச் சிக்கல். கதையில் கொலை இருக்கிறது, பழிவாங்கத் துரத்தும் ஒருவன் இருக்கிறான். ஆனால் அந்தக் காட்சிகளிலும் மனம் 'இதை எப்படிச் செய்தார்கள்' என்றே கேட்கிறது. வியப்பு வந்து பயத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நடிப்பு அபாரம், சந்தேகமே இல்லை. ஆனாலும் த்ரில்லராக இதை 'பிரைமா ஃபேஸி'க்குக் கீழேதான் வைப்பேன்.

சைமன் மெக்பர்னி 2015-ல் எடின்பரோ விழாவில் கொண்டுவந்த 'தி என்கவுன்டர்' காதைத் தேர்ந்தெடுத்தது. 1969-ல் அமேசான் காட்டில் வழிதவறிய லோரன் மெக்கின்டயர் என்ற புகைப்படக்காரரின் கதை. பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் ஹெட்போன். மேடையில் மனிதத் தலை வடிவத்தில் ஒரு மைக். அதன் காதருகே மெக்பர்னி மூச்சு விட்டால் நம் காது சூடாகிற மாதிரி இருக்கும். தண்ணீர் பாட்டிலைக் குலுக்குகிறார், ஆறு ஓடுகிறது. பழைய வீடியோ கேசட்டின் நாடாவைக் கசக்குகிறார், புதருக்குள் காலடி கேட்கிறது. வித்தையைக் கண்ணெதிரே காட்டிவிட்டுச் செய்கிறார், அப்படியும் பிடரி சிலிர்க்கிறது. காட்டில் யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று காது சொன்னால், கண் மறுத்தாலும் உடம்பு காதைத்தான் நம்புகிறது. 2020 பொதுமுடக்கத்தில் இதன் பதிவை இணையத்தில் ஒளிபரப்பினார்கள். வீட்டில் ஹெட்போனோடு பார்த்தாலும் வேலை செய்தது. இழப்பும் அதிலேயே இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் திடுக்கிடுவது நமக்குக் கேட்காது. அரங்கமே சேர்ந்து மூச்சைப் பிடிக்கும் அந்த நொடி இதில் கிடைக்காது.

அந்த நொடிக்குப் பேர்போனது 'தி வுமன் இன் பிளாக்'. சூசன் ஹில்லின் 1983 நாவலை ஸ்டீபன் மாலட்ராட் நாடகமாக்கினார். 1987 கிறிஸ்துமஸ் சமயம், ஸ்கார்பரோ என்ற கடலோர ஊரில், பெரிய செலவு செய்ய வழியில்லாமல் தொடங்கியது. 1989 முதல் 2023 மார்ச் வரை லண்டன் ஃபார்ச்சூன் தியேட்டரில் 13,232 காட்சிகள். வயதான கிப்ஸ் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல ஓர் இளம் நடிகரின் உதவியை நாடுகிறார். நடிகர் கிப்ஸாக நடிக்க, கிப்ஸ் மற்ற எல்லோராகவும் மாறுகிறார். ஒரு பிரம்புக் கூடைதான் குதிரை வண்டி. கதையில் வரும் நாய் மேடையில் கிடையாது, பெயரும் குரைப்பும் நம் கற்பனையும் சேர்ந்து அதை உருவாக்குகின்றன.

சொல்பவர் பிழைத்துவிட்டார் என்ற பிரச்சினையை இந்த இரண்டாவது நடிகர் தீர்த்துவிடுகிறார். கிப்ஸ் தப்பியது நமக்குத் தெரியும், ஆனால் கதையைக் கேட்டு நடிக்க வந்த இளைஞருக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. இதற்கு மேல் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்களுக்குத் துரோகம் செய்ததாகும். வெறும் பயம்தான் வேண்டும் என்றால் நாலில் இதுதான் முதலிடம்.

ஓராள் நாடகத்துக்கு நடைமுறையில் இன்னொரு பலவீனமும் உண்டு. 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை நியூயார்க்கைச் சூழ்ந்த நாளில், அங்கே 'பிரைமா ஃபேஸி'யில் நடித்துக்கொண்டிருந்த கோமர் மேடை ஏறிய சில நிமிடங்களில் மூச்சுவிட முடியாமல் வெளியேறினார். மாற்று நடிகை வந்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். ஒருவர் தடுமாறினால் சமாளித்துக் கொடுக்க மேடையில் வேறு யாரும் இல்லை. பெரிய தயாரிப்பில் மாற்று ஆள் தயாராக நிற்பார். ஒரு சின்னக் குழுவுக்கு அந்த வசதி இருக்காது, காட்சியை ரத்து செய்யத்தான் வேண்டிவரும். அதனால் கையில் கொஞ்சப் பணத்தோடு முதல் த்ரில்லரைப் போட நினைப்பவர்களிடம், கேமராவுக்கும் திரைக்கும் ஒதுக்கிய தொகையில் இன்னொரு நடிகரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். டெஸ்ஸாவைப் போல எதிரியையும் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பாத்திரம் அகப்பட்டால் மட்டும் ஒரே ஆளோடு இறங்கலாம்.