நல்லெண்ணெயா, பி.பி.ஓ.வா, டி.ஈ.எஃப்.பா: கொசுவின் கவசத்தை உடைப்பது எது?

தங்கச்சிமடத்து மதினி போனில் கேட்டார்: "தம்பி, லிக்விட் தீரத் தீர மாத்துறேன். கொசு அந்த மிஷின் பக்கத்துலயே உக்காந்திருக்கு. மருந்துல கலப்படமா, இல்ல கொசு மாறிப்போச்சா?"

கொசுவும் மாறும் மதினி, நிஜமாகவே மாறும். வீட்டு லிக்விடிலும் மருந்து ஏற்றிய வலையிலும் இருப்பவை பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. அது கொசுவின் நரம்பைத் தாக்கிக் கொல்லும். ஆனால் நரம்புக்குப் போய்ச் சேர்வதற்குள் செல்லில் உள்ள நொதிகள் அதை உடைத்துவிட்டால் கொசு பிழைத்துக்கொள்ளும். அப்படிப் பிழைத்தவற்றின் பிள்ளைகள்தான் இன்று நம் வீட்டில் பறக்கின்றன. மருந்தைக் கூட்டிக்கொண்டே போவது ஒரு வழி. அந்த நொதிகளின் கையைக் கட்டிப்போடுவது இன்னொரு வழி. கட்டிப்போடும் ரசாயனங்கள் பல இருக்கின்றன, அவற்றில் எது யாருக்கு உதவும் என்பதுதான் கேள்வி.

நம்ம ஊர் சரக்கிலிருந்தே தொடங்கலாம். நல்லெண்ணெயைப் பூச்சிமருந்தோடு சேர்த்தால் மருந்தின் வீரியம் ஏறுகிறது என்று 1940-லேயே கண்டுபிடித்தார்கள். அப்போது பைரித்ரம் என்ற பூவிலிருந்து எடுத்த மருந்துதான் புழக்கத்தில் இருந்தது. வீரியத்தை ஏற்றியவை எள்ளில் இருக்கும் செசமின், செசமோலின் என்ற இரண்டு பொருள்கள். இரண்டில் செசமோலினுக்கு வேகம் அதிகம். ஆனால் எண்ணெயில் அது நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது, செக்குக்குச் செக்கு அளவும் மாறும். அதனால் லிக்விட் பாட்டிலில் நல்லெண்ணெய் ஊற்றிப் பார்ப்போமா என்று யாராவது நினைத்தால், வேண்டாம்.

செசமினிலும் செசமோலினிலும் உள்ள அதே வளைய அமைப்பை வைத்து 1947-ல் உருவாக்கியதுதான் பைப்பரோனில் பியூட்டாக்சைடு, சுருக்கமாக பி.பி.ஓ. இது தனியாகக் கொசுவைக் கொல்வதில்லை. கொசுவின் சைட்டோக்ரோம் பி450 நொதி, மருந்தை உடைப்பது போலவே இதையும் உடைக்கப் பார்க்கும். உடைக்கும்போது உண்டாகும் துண்டு, நொதியின் நடுவில் இருக்கும் இரும்பு அணுவோடு போய் ஒட்டிக்கொள்ளும், பிடியை விடாது. அதோடு அந்த நொதி முடங்கிவிடும். பூட்டைத் திறக்கப் போன சாவி உள்ளேயே முறிந்து மாட்டிக்கொண்டது போல.

சோதனையில் இதைக் கண்ணால் பார்த்தவன் நான். 250 மில்லி கண்ணாடி பாட்டிலின் உள்பக்கம் பி.பி.ஓ. பூசி, இருபத்தைந்து கொசுக்களை ஒரு மணி நேரம் விட்டுவைப்போம். இன்னொரு பாட்டிலில் அதே இனக் கொசுக்கள், ஆனால் பி.பி.ஓ. இல்லை. அப்புறம் இரண்டு கூட்டத்தையும் பைரித்ராய்டு பூசிய பாட்டில்களுக்கு மாற்றுவோம். அரை மணி கழித்துப் பார்த்தால் பி.பி.ஓ. படாத கூட்டத்தில் அனோபிலஸ் என்ற மலேரியாக் கொசுக்கள் வாலைத் தூக்கிக்கொண்டு சுவரில் சாய்வாக நிற்கின்றன, ஒன்றும் நடக்காத மாதிரி. பி.பி.ஓ. பட்ட கூட்டத்தில் ஒவ்வொன்றாகச் சறுக்கி விழுகின்றன. மல்லாந்து கிடந்து கால்கள் நடுங்குகின்றன. மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான்.

கொசு எஸ்டரேஸ் என்ற வேறு நொதியை நம்பியிருந்தால் பி.பி.ஓ.வால் பெரிய பலன் இல்லை. அந்த நொதியைக் கட்டிப்போடுவது டி.ஈ.எஃப். பருத்திச் செடியின் இலையை உதிர்க்க அமெரிக்காவில் அடித்த மருந்து இது. பரமக்குடிப் பக்கம் பருத்தியை ஆள் வைத்து எடுக்கிறோம், அதனால் நமக்கு இந்தப் பெயரே பழக்கமில்லை. டி.ஈ.எஃப். ஒரு ஆர்கனோபாஸ்பேட், அதாவது தானே நஞ்சு. சோதனைச்சாலையில் இருக்கட்டும், வீட்டுக்குள் வரக் கூடாது. டை எத்தில் மாலியேட் என்ற ரசாயனமும் சோதனைச்சாலைக்குத்தான். அது குளூட்டாதயோன் என்ற பொருளைச் செல்லில் தீர்த்துவிடும், அதை வைத்து வேலை செய்யும் நொதிக்குக் கச்சாப்பொருள் இல்லாமல் போகும். டி.டி.டி. பூச்சிமருந்துக்கு அசையாத கொசுவின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவுதான்.

நரம்பில் மருந்து போய் ஒட்டும் இடமே மாறிப்போன கொசுக்களும் உண்டு. நொதியைக் கட்டிப்போட்டு மட்டும் அவற்றை வெல்ல முடியாது.

ஆக, வீட்டு உபயோகத்துக்கு மிஞ்சுவது பி.பி.ஓ. ஒன்றுதான். அதுவும் வலையில் வரும்போது. ஒரு வகை வலையின் நூலிலேயே பெர்மெத்ரின் என்ற பைரித்ராய்டு 2 சதவீதமும் பி.பி.ஓ. 1 சதவீதமும் சேர்த்திருக்கும். பைரித்ராய்டுக்கு மலேரியாக் கொசு பழகிப்போன பகுதிகளுக்கு இப்படிப்பட்ட வலைகளை உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பரிந்துரைத்தது. குறை, மூன்று வருடம் உழைக்க வேண்டிய வலையில் பி.பி.ஓ. அதற்கு முன்பே குறைந்துவிடுகிறது.

இதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது, என் சித்தப்பாவுக்கு நடந்தது. முண்டு மிளகாய்க்கு மாலத்தியான் வாங்கப் போனவரிடம், "இதையும் கலந்து அடிங்க, ரெட்டிப்பா வேலை செய்யும்" என்று கடையில் ஒரு பாட்டிலைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். லேபிளைப் பார்த்தால் பி.பி.ஓ. எனக்குக் கோபம் தாங்கவில்லை. மாலத்தியான் அப்படியே கொல்லும் மருந்து அல்ல. பூச்சியின் அதே பி450 நொதி அதை மாலாக்சானாக மாற்றிய பிறகுதான் முழு நஞ்சாகிறது. அந்த நொதியை அடைத்தால் மருந்தின் வீரியம் குறையும், ரெட்டிப்பாகாது. காசு போட்டு வாங்கிய மருந்தைக் காசு போட்டே மழுங்கடிப்பதா? "அப்ப நல்லதுன்னு சொன்னது கெட்டதாப்பா?" என்றார் சித்தப்பா. பைரித்ராய்டோடு நல்லது, மாலத்தியானோடு கெட்டது. இதைக் கடையில் சொல்லியிருக்க வேண்டும்.

மதினிக்கு வலையைத்தான் சொன்னேன். தங்கச்சிமடம் இருக்கும் ராமேஸ்வரம் தீவில் சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றத் தோண்டும் ஊற்றுக்குழிகளில் மலேரியாக் கொசு வளர்வது பழைய செய்தி. அதனால் வீட்டுக்குப் பின்னால் உள்ள குழிகளையும் மூடச் சொன்னேன். மூடின குழியில் கொசு முட்டையிடாது, அதற்கு எந்த நொதியும் துணைக்கு வராது. கடைசியாக ஒன்று கேட்டார்: "வலையை ஊருணில அலசலாமா?" கூடவே கூடாது. கொசுவைக் கொல்லும் பைரித்ராய்டு மீனையும் இறாலையும் இன்னும் சுலபமாகக் கொல்லும். அண்ணன் இறால் பண்ணையில் வேலை பார்ப்பவர், அவருக்கே இது தெரியும். பெரிய சட்டியில் அலசி, அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி மணலில் குழி வெட்டி ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.