கோவை வாட்ஸ்அப் ஸ்கோப்: கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்து ரைபிள்காரர்கள் கவனத்துக்கு

கோவையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஸ்கோப் (ரைபிளில் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி) விற்கும் ஒருவரிடம் நம் எல்லைப் பகுதியில் சிலர் ஏமாந்திருக்கிறார்கள். விளம்பரத்தில் இருந்தது: 6-24 பெருக்கம், 50 மி.மீ. முன்கண்ணாடி, ஃபர்ஸ்ட் ஃபோக்கல் பிளேன், கிளிக்குக்கு 0.1 மில் (கோண அளவு), 30 மி.மீ. குழாய். வந்த பெட்டியில் குழாயும் கண்ணாடியும் மட்டும்தான் சொன்னபடி. ரெட்டிகிள், அதாவது உள்ளே தெரியும் குறிக்கோடு, செகண்ட் ஃபோக்கல்; ஜூம் செய்தாலும் அதன் அளவு மாறாது. குறியைக் கிளிக் கிளிக்காக நகர்த்தும் திருகான டரட்டோ கிளிக்குக்குக் கால் எம்ஓஏ; எம்ஓஏ என்பது மில்லைவிடச் சிறிய வேறொரு கோண அளவு.

இதில் என்ன நஷ்டம் என்றால், 0.1 மில் கிளிக் 100 மீட்டரில் 10 மி.மீ. நகர்த்தும், கால் எம்ஓஏ 7.3 மி.மீ.தான். 2 மில் ஏற்றுவதாக நினைத்து 20 கிளிக் திருப்பினால் 200 மீட்டரில் குண்டு 11 செ.மீ. கீழே படும். விற்றவரிடம் கேட்டால் முதலில் தோட்டா சரியில்லை என்பார், அப்புறம் துப்பாக்கி சரியில்லை என்பார். கடைசியில், "ரிங் தழும்பு இருக்கு, திருப்பி எடுக்க முடியாது." ரிங் என்பது ஸ்கோப்பை ரைபிளோடு பூட்டும் வளையம்; அது பதிந்த தடத்தைக் காட்டி மறுக்கத்தான் இத்தனை இழுத்தடிப்பு.

அதனால் ரிங்கில் பூட்டும் முன்பே சோதித்துவிடுங்கள். பெட்டி பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். 6-லிருந்து 24 வரை ஜூம் செய்யும்போது, காட்சியோடு சேர்ந்து ரெட்டிகிளும் பெரிதாக வேண்டும். காட்சி மட்டும் வளர்ந்தால் செகண்ட் ஃபோக்கல். அதில் ரெட்டிகிளின் புள்ளி இடைவெளி 24-இல் சரியாக இருந்தால், 12-இல் ஒரு மில் இடைவெளி இரண்டு மில்லைக் காட்டும்.

அடுத்தது கிளிக். V வடிவில் வெட்டிய இரண்டு மரக்கட்டைகளில் ஸ்கோப்பை வைத்து, சைக்கிள் டியூப் துண்டால் அசையாமல் கட்டுங்கள். கட்டைகளையும் மேசையோடு இறுக்கிவிடுங்கள். டரட் திருப்பும்போது ஸ்கோப் துளி நகர்ந்தாலும் அளவு வீண். 100 மீட்டரில் பெரிய எழுத்துள்ள அளவுகோலைத் தூக்குநூல் பார்த்து நிறுத்துங்கள். தூரத்தை டேப் வைத்தே அளக்க வேண்டும். 100 கெஜம் என்பது 91.44 மீட்டர்தான்; அந்தக் குழப்பத்திலேயே நல்ல ஸ்கோப்பைக் குறை சொன்னவர்களும் உண்டு. பாரலாக்ஸை (கண்ணை அசைத்தால் குறிக்கோடு இலக்கில் நகர்வது போலத் தெரிவதை) சரிசெய்து, குறுக்குக்கோட்டை ஓர் எண்ணில் நிறுத்தி 50 கிளிக் திருப்புங்கள். 50 செ.மீ. நகர்ந்தால் மில், 36 செ.மீ. சுமார் என்றால் எம்ஓஏ, 46 அல்லது 47 என்றால் டரட்டே சரியில்லை. திரும்ப 50 கிளிக் இறக்கினால் பழைய எண்ணிலேயே வந்து நிற்க வேண்டும்.

ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு வாங்குபவர்கள், அதற்கு உகந்தது என்பதை எழுத்தில் கேளுங்கள். அது பின்னாலும் முன்னாலும் உதைக்கும். சாதா ஸ்கோப்பின் உள்பாகங்கள் தாங்காது.

ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். பில்லில் "0.1 மில், ஃபர்ஸ்ட் ஃபோக்கல்" என்று இருக்கட்டும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விளம்பர ஸ்கிரீன்ஷாட்டோடு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; கடை கோவையில் இருந்தாலும், பாலக்காடு மாவட்டத்தில் குடியிருப்பவருக்குப் பாலக்காடு நுகர்வோர் ஆணையமே போதும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது.