பனிமலைக்குப் பிள்ளைகளின் உடுப்பு: மத்திய வீதி மாடிக்கடை

சுவிஸில் இருக்கும் சொந்தக்காரர் “டிசம்பர் லீவுக்குப் பிள்ளைகளோடு வாங்கோ, பனியில் சறுக்குகிற ஸ்கீ பழக்கலாம்” என்று கூப்பிட்டால், திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு முதலில் வருகிற யோசனை உடுப்புத்தான். என் அண்ணா குடும்பம் பேர்னில். என் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. அடுத்த வருடம் அளவில்லாமல் போகப்போகிற உடுப்புக்கு அங்கத்தைய விலை கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால் மத்திய வீதி மாடிக்கடையில் வாங்கினேன். அங்கத்தைய மலையூரான கிரிண்டல்வால்டின் பனியில் பிள்ளைகள் அவற்றைப் போட்டு உருண்டு புரண்டுவிட்டு வந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கீழே புடைவைக் கடை, பக்கத்துப் படியால் ஏறினால் மேலே ஒரே அறை. கார்மென்ட்ஸில் மிஞ்சிய ஏற்றுமதி உடுப்புகள் கம்பியில் தொங்கும். பிள்ளைகளின் ஜெக்கெட்டுகள் கடைசிச் சுவரோடு இருக்கின்றன. லேபிளில் வயதைப் பார்க்காதீர்கள். 116, 128, 140 என்று இருப்பது பிள்ளையின் உயரம், சென்ரிமீற்றரில். வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்துகொண்டு போனால் வேலை பாதியாகும். உள்ளே ஒரு தடித்த உடுப்பு போடவேண்டும் என்பதால் ஜெக்கெட்டை மட்டும் ஓர் அளவு பெரிதாக எடுத்தேன்.

எனக்கு இந்தக் கடையில் மிகவும் பிடித்தது கடைக்கார நானா பொருளைக் காட்டும் விதம். ஜெக்கெட்டைக் கையில் எடுத்ததும் உள்பக்கத்தைத் திருப்பினார். “தங்கச்சி, வெளிய பார்த்து வாங்காதீங்க, தையலைப் பாருங்க” என்றார். தையல் ஓடும் இடமெல்லாம் உள்ளே பட்டி ஒட்டியிருந்தால்தான் தண்ணீர் புகாது. பிறகு போத்தலில் இருந்து கொஞ்சம் தண்ணீரை ஜெக்கெட்டின் கையில் ஊற்றிக் காட்டினார். முத்து முத்தாக உருண்டு ஓடியது. இடுப்புக்கு உள்ளே எலாஸ்டிக் வைத்த ஒரு பாவாடை போன்ற துணி இருக்கிறதா, காற்சட்டையின் கால்வாயிலும் அதேபோல் உள் எலாஸ்டிக் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிள்ளைகள் விழும்போது பனி மேலிருந்து வருவதில்லை, கீழிருந்துதான் உள்ளே ஏறும். மகன் நாள் முழுக்க விழுந்தான். மாலையில் உள் உடுப்பு காய்ந்தபடியே இருந்தது. 3,800 ரூபாய் ஜெக்கெட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். நீர் புகாத உடுப்புகளின் உட்பூச்சு பெரும்பாலும் பொலியூரதேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். வெக்கையும் ஈரமும் சேர்ந்த எங்கள் ஊரில் வருடக்கணக்கில் தொங்கினால் அது பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியத் தொடங்கிவிடும். மகளுக்குப் பார்த்த ஊதாக் காற்சட்டையில் விரலை வைத்துத் தேய்த்ததும் தூளாக வந்தது. நானா மறுபேச்சில்லாமல் அதை ஒதுக்கிவிட்டு வேறு எடுத்துத் தந்தார். ஆனாலும் நீங்களே தேய்த்துப் பாருங்கள். அந்த அறையில் வெளிச்சம் போதாது, யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது நல்லது.

உடலோடு ஒட்டிப் போடும் உள் உடுப்பு பொலியெஸ்டரில் இருக்கிறது, மேலும் கீழும் சேர்த்து 1,450. மெரினோ கம்பளி இன்னும் நல்லது, ஆனால் இங்கே கிடைக்காது. எதுவானாலும் பருத்தி மட்டும் வேண்டாம். பள்ளிக்கூட பனியனை உள்ளே போட்டுவிட்டால் போதும் என்று அம்மா சொன்னா. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும், மலைமேல் ஏற்றிவிடும் லிப்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பிள்ளை நடுங்கிப்போகும். நடுவில் போட ஃபிளீஸ் மேற்சட்டையும் இதே கடையில்தான், அதில் ஒரு குறையும் இல்லை.

கையுறை இங்கே வாங்கவேண்டாம். இருப்பதெல்லாம் பின்னல் கையுறை, நுவரெலியாவுக்குச் சரி, பனியைப் பிடித்தால் பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு, நான்கு விரல்களும் ஒரே உறைக்குள் போகிற, மணிக்கட்டுக்கு மேலே ஏறும் நீர்புகாத மிட்டன்தான் வேண்டும். அதை அண்ணி அங்கே வாங்கி வைத்திருந்தா. கழுத்துக்குச் சால்வையும் கொடுக்காதீர்கள், தொங்கும் நுனி லிப்டில் மாட்டும். குழாய் போன்ற கழுத்துத் துணி போதும், அது நானாவிடம் உண்டு.

ஸ்கீ பலகை, சப்பாத்து, ஹெல்மட் எல்லாம் மலையடியில் வாடகைக்கு. ஸ்கீ சப்பாத்தின் அளவு பாதத்தின் நீளம், அதுவும் சென்ரிமீற்றரில்தான். கடதாசியில் பாதத்தை வரைந்து அளந்து முன்கூட்டியே அண்ணாவுக்கு அனுப்பியதால் அங்கே வரிசையில் அலையவில்லை. முழங்கால்வரை வரும் மெல்லிய மேஸ் ஒரே ஒரு சோடி போடவேண்டும். இரண்டு போட்டால் கால் இறுகி இன்னும் குளிரும். ஹெல்மட்டில் ஸ்கீ ஹெல்மட்டுக்கான ஐரோப்பியத் தரக்குறி இ.என். 1077 இருக்கவேண்டும், சைக்கிள் ஹெல்மட்டைப் பெட்டியில் திணிக்கவேண்டாம்.

சன் கிரீமை மட்டும் மறக்காமல் இங்கிருந்தே எடுத்துப்போங்கள். “எங்கட நிறத்துக்கு எதுக்கு?” என்று பலர் கேட்டார்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 வீதம்வரை திருப்பி அடிக்கும், உயரம் ஏற ஏற அந்தக் கதிரின் கடுமையும் கூடும். நிலாவெளிக் கடலில் நாள் முழுக்க நிற்கும் என் பிள்ளைகளின் மூக்கு நுனி அங்கே சிவந்துபோனது. கண்ணுக்குக் கொகிள்ஸும் கட்டாயம்.

கடைக்குப் போவதென்றால் ஒக்டோபரிலேயே போங்கள். மாரி மழை பிடித்த பிறகு வாங்கினால் துவைத்துக் காயவைக்க வெயில் இருக்காது. துவைக்கும்போது கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கி போட்டால் நீர் உருளும் தன்மை கெட்டுவிடும், சவர்க்காரமும் குறைவாக. வெள்ளி மதியம் தொழுகைக்காகப் பூட்டியிருக்கும். 128 அளவு எப்போதும் முதலில் தீர்ந்துவிடுகிறது, நானாவிடம் சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்.